டி இன்னும் வரவில்லை: ஹார்மோனிக் சார்ட் பற்றி ஆரம்பப் பாடம்

சனிக்கிழமை பின்னேரம் அக்காவின் மகன் வெள்ளவத்தைக்கு வந்திருந்தான். கொடுத்த தேத்தண்ணியை ஓரமாக வைத்துவிட்டு போனை என் மூக்குக்குக் கிட்டே நீட்டினான். திரையில் ஒரு பங்கின் விலைக்கோடு. அதன்மேல் நீல நிறத்தில் இரண்டு முக்கோணங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. எம் என்ற ஆங்கில எழுத்தைக் கொஞ்சம் சரித்து வைத்தது போல இருந்தது.

"மாமா, இது கார்ட்லி. இனித் திரும்பும்தானே? திங்கக்கிழமை வாங்கட்டோ?"

"திரும்புமெண்டு ஆர் சொன்னது?"

"அப் தானாவே கீறிக் காட்டுது, மாமா."

கார்ட்லி என்பது அந்த முக்கோண உருவத்தின் பெயர். இப்படியான உருவங்களை வைத்து விலை எங்கே திரும்பலாம் என்று பார்ப்பதுதான் ஹார்மோனிக் முறை. உயர்தரத்தில் கணிதம் படித்த பிள்ளை. ஆனாலும் அந்த முக்கோணங்களின் ஓரத்தில் ஒட்டியிருந்த 0.618, 0.786 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டேன், தெரியவில்லை. பழைய சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றை எடுத்துப் பென்சிலால் கீறிக் காட்டத் தொடங்கினேன். அன்று கொப்பியில் ஏறியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பங்கின் பெயர் வேண்டாம். கணக்கு விளங்குவதற்காக விலைகளின் சில்லறையையும் கொஞ்சம் மட்டப்படுத்தியிருக்கிறேன்.

ஏறியதில் எவ்வளவு இறங்கியது?

ஒரு பங்கு 40 ரூபாவிலிருந்து 60 ரூபாவுக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 20 ரூபா. 40க்கு வாங்கி வைத்திருந்தவர்கள் இலாபத்தைக் கையில் எடுக்க விற்பார்கள், விலை இறங்கும். அந்த இறக்கத்தை ரூபாவில் சொல்லாமல், ஏறிய தூரத்தில் எத்தனை பகுதி என்று சொல்வதுதான் முதற்படி. 50க்கு வந்தால் ஏறியதில் பாதி, அதாவது 0.5. 47.60க்கு வந்தால் இறங்கியது 12.40, அதை 20ஆல் பிரித்தால் 0.62. சந்தைக்காரர் ரிட்ரேஸ்மென்ட் என்பது இதைத்தான். நாங்கள் பின்வாங்கல் என்போம். பின்வாங்கல் 1ஐத் தாண்டினால், புறப்பட்ட 40க்கும் கீழே போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு நீட்சி என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

ரூபாவை விட்டுவிட்டு விகிதத்தைப் பிடிப்பதில் ஒரு வசதி உண்டு. 20 ரூபாப் பங்கையும் 900 ரூபாப் பங்கையும், ஒரு வாரத்து அசைவையும் ஒரு வருடத்து அசைவையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம்.

ஹார்மோனிக் முறை செய்வது இவ்வளவுதான். அடுத்தடுத்து வரும் மூன்று நான்கு ஏற்ற இறக்கங்கள் குறிப்பிட்ட விகிதங்களுக்குள் விழுகின்றனவா என்று பார்க்கும். விழுந்தால், விலை திரும்பக்கூடிய இடம் இது என்று ஒரு விலையை முன்கூட்டியே குறித்துவைக்கும். 'முன்கூட்டியே' என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் ஏதாவது பெறுமதி இருந்தால் அது அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55 என்று போகும் வரிசை பள்ளிக்கூடத்தில் பார்த்ததுதான். முன்னுள்ள இரண்டையும் கூட்டினால் அடுத்தது. பைசா நகரத்து லெனார்டோ 1202இல் முயல் பெருக்கக் கணக்காக எழுதியதால் பிபொனாச்சி வரிசை என்று அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு முன்பே வடமொழி யாப்பை ஆராய்ந்த விரகாங்கரும் ஹேமசந்திரரும் இதே எண்களைக் கண்டிருக்கிறார்கள்.

எங்களுடைய மாத்திரைக் கணக்கிலும் போட்டுப் பார்க்கலாம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. மொத்தம் நான்கு மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? நான்கு குறில், முன்னால் நெடில் வைத்துப் பின்னால் இரண்டு குறில், நடுவில் நெடில், கடைசியில் நெடில், இரண்டு நெடில். ஐந்து விதம். மூன்று மாத்திரை என்றால் மூன்று, ஐந்து மாத்திரை என்றால் எட்டு. முயல் இல்லாமலேயே வரிசை வந்துவிடுகிறது.

இந்த வரிசையில் ஓர் எண்ணை அடுத்த எண்ணால் பிரியுங்கள். 34ஐ 55ஆல் பிரித்தால் 0.618. திருப்பிப் பிரித்தால் 1.618. ஓர் எண்ணைத் தாண்டி 21ஐ 55ஆல் பிரித்தால் 0.382. மிச்சமெல்லாம் இவற்றின் பிள்ளைகள். 0.618இன் வர்க்கமூலம் 0.786. அதற்கும் ஒரு தடவை வர்க்கமூலம் எடுத்தால் 0.886. 1.618இன் வர்க்கமூலம் 1.272. ஹார்மோனிக் வகுப்புகளில் மந்திர எண்கள் என்று எழுதிப் போடும் பட்டியல் பெரும்பாலும் இதுதான். கல்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தத் தெரிந்தால் போதும்.

மந்திரம் என்ற சொல்லுக்காக ஒரு சின்ன விலகல். எங்கள் பெரியவர்கள் இன்றைக்கும் தூரத்தைக் கட்டைக் கணக்கில், அதாவது மைல் கணக்கில்தான் சொல்வார்கள். ஐந்து கட்டை என்றால் எட்டு கிலோமீற்றர். எட்டுக் கட்டை பதின்மூன்று கிலோமீற்றர். பதின்மூன்று கட்டை இருபத்தொன்று. 5, 8, 13, 21! ஒரு மைலுக்கு 1.609 கிலோமீற்றர், அது 1.618க்குப் பக்கத்தில் இருப்பதால் வரும் தற்செயல், வேறொன்றும் இல்லை. காலி வீதியில் கட்டைக்கல் நட்டவருக்குப் பிபொனாச்சி தெரிந்திருக்கவேண்டிய அவசியம் இல்லை. ஓர் எண் பொருந்திவிட்டது என்பதற்காக அதற்குப் பின்னால் ஒரு விதி ஒளிந்திருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. இதை மனதின் ஓரத்தில் வைத்துக்கொண்டே மேலே போவோம்.

222ஆம் பக்கம்

ஹரோல்ட் கார்ட்லி என்ற அமெரிக்கர் 1935இல் பங்குச் சந்தை பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதன் 222ஆம் பக்கத்தில் ஓர் உருவத்தை விவரித்தார். விலை ஏறுகிறது, பாதியளவு இறங்குகிறது, கொஞ்சம் ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. ஆனால் முதல் தொடங்கிய அடிக்குப் போகாமல் நின்று திரும்புகிறது. இன்றைக்கும் சிலர் இதைக் கார்ட்லி 222 என்று சொல்வது அந்தப் பக்க எண்ணால்தான். வேடிக்கை என்னவென்றால், கார்ட்லி பிபொனாச்சி விகிதங்களை இதற்குள் கொண்டுவரவே இல்லை. அவற்றைப் பிற்காலத்தில் லரி பெசவென்டோ போன்றவர்கள் பொருத்தினார்கள். வௌவால், நண்டு என்ற பெயர்களோடு இன்று கிடைக்கும் இறுக்கமான அளவுகள் ஸ்கொட் கார்னியின் கைவேலை; அவை 2000ஆம் ஆண்டை ஒட்டி வந்தவை. ஆக, 'பழங்கால இரகசியம்' என்று யாராவது விற்றால், அதற்கு என் மருமகனின் வயதுதான் இருக்கும்.

உருவத்தில் ஐந்து முனைகள். எக்ஸ், ஏ, பி, சி, டி. எக்ஸிலிருந்து ஏக்கு ஏற்றம், பிக்கு இறக்கம், சிக்கு ஏற்றம், டிக்கு இறக்கம். டியில்தான் வாங்குவது. இதைக் கவிழ்த்துப் போட்டால் டபிள்யூ போல வரும். அங்கே டியில் விற்பது. கையில் இருக்கும் பங்கை எங்கே விற்று வெளியேறலாம் என்று பார்க்கவும் அந்தக் கவிழ்ந்த உருவம் உதவும்.

கொப்பியில் கீறியது

மருமகனின் பங்குக்கு எக்ஸ் 40.00, ஏ 60.00. அங்கிருந்து பி 47.60க்கு இறங்கியது. பின்வாங்கல் 0.62. கார்ட்லி உருவத்துக்குப் பி 0.618ஐ ஒட்டி இருக்கவேண்டும். சரி.

பியிலிருந்து சி 56.20க்கு ஏறியது. ஏயிலிருந்து பிக்கு இறங்கிய 12.40 ரூபாவில் 8.60ஐ மீட்டிருக்கிறது, அதாவது 0.69. சி 0.382க்கும் 0.886க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்பது விதி. இவ்வளவு அகலமான விதியை விதி என்று சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி டி எங்கே? இதற்கு மூன்று வழியில் கணக்குப் போடவேண்டும்.

முதலாவது, முழு ஏற்றத்தின் 0.786. 20 ரூபாவில் 0.786 பகுதி 15.72. 60இலிருந்து கழித்தால் 44.28. கார்ட்லியின் நெஞ்சு இந்த எண்தான்.

இரண்டாவது, முதல் இறக்கமும் இரண்டாவது இறக்கமும் ஒரே நீளம் என்ற எதிர்பார்ப்பு. முதல் இறக்கம் 12.40. சியின் 56.20இலிருந்து அதே 12.40ஐக் கழித்தால் 43.80.

மூன்றாவது, பியிலிருந்து சிக்கு ஏறிய 8.60ஐ 1.272ஆல் பெருக்கி, சியிலிருந்து கழிப்பது. 56.20 கழித்தல் 10.94, வருவது 45.26. இதையே 1.618ஆல் பெருக்கினால் 42.29 வரும், அது கடைசி எல்லை.

மூன்று வழியில் போட்ட கணக்கு 43.80, 44.28, 45.26 என்று ஒரே இடத்தில் வந்து குவிகிறது. அந்த ஒன்றரை ரூபா அகலமான இடம்தான் திரும்பு மண்டலம். அப்போது அவன் பார்த்துக்கொண்டிருந்த விலை, வெள்ளிக்கிழமை 2:30க்குச் சந்தை முடிந்தபோது நின்ற விலை, 45.80.

"அப்ப கிட்ட வந்திட்டுது, மாமா."

"கிட்ட வந்திட்டுது. வரேல்லை."

மற்ற உருவங்களையும் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன், எலும்புக்கூடு ஒன்றுதான். பி இன்னும் மேலேயே, 0.382க்கும் 0.5க்கும் நடுவில் நின்று, டி ஆழமாக 0.886 வரை போனால் வௌவால். பி 0.786 வரை இறங்கி, டி எக்ஸையும் தாண்டி 1.272க்குப் போனால் வண்ணத்துப்பூச்சி. டி 1.618 வரை பாய்ந்தால் நண்டு. வண்ணத்துப்பூச்சியையும் நண்டையும் ஆரம்பத்தில் தொடாதீர்கள் என்பது என் எண்ணம். பழைய அடியை உடைத்துக்கொண்டு கீழே விழும் பங்கை, இன்னும் கொஞ்சம் விழுந்ததும் திரும்பும் என்று நம்பி வாங்கச் சொல்கின்றன அவை. விழும் தேங்காய்க்குக் கை நீட்டுவதற்கு முதல் நிறையத் தேங்காய் விழுவதைப் பார்த்திருக்கவேண்டும்.

டியைத் தொட்டதும் வாங்குவதா?

பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். மண்டலம் என்பது கவனமாகப் பார்க்கவேண்டிய இடம். கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் இடமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 44.28க்கு வந்த விலை அங்கே ஒரு நாள், இரண்டு நாள் மூச்சு வாங்குகிறதா? காலையில் இறங்கி, மூடும்போது மேலே முடிகிறதா? அப்படி முடிந்த நாளில் கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை வழக்கத்தைவிடக் கூடவா? வாங்குவோர் வரிசையில் உண்மையான அளவு நிற்கிறதா, இல்லை நூறும் இருநூறுமாகத் தொங்குகிறதா? இவற்றைப் பார்த்த பிறகுதான் கை பொத்தானுக்குப் போகவேண்டும்.

வாங்க முதலே இன்னும் மூன்று விலைகளை எழுதிக்கொள்ளவேண்டும். எங்கே பிழை என்று ஒத்துக்கொண்டு விற்பது என்பது ஒன்று. இலாபத்தை எங்கே எடுப்பது என்பதற்கு இரண்டு. இலாப விலைகளுக்கு வழக்கமான கணக்கு, ஏயிலிருந்து டிக்கு இறங்கியதில் 0.382 பகுதி மீளும் இடமும் 0.618 பகுதி மீளும் இடமும். 44.30க்கு வாங்கினால் இறக்கம் 15.70, ஆகவே முதல் இலக்கு 50.30, இரண்டாவது 54.00.

பிழையை ஒத்துக்கொள்ளும் விலைக்கு, அதாவது ஸ்டொப் லொஸுக்கு, இரண்டு மரபு இருக்கிறது. எக்ஸுக்குக் கீழே, 39.90இல் வைப்பது ஒன்று. அங்கே போனால் உருவமே செத்துவிட்டது. 42.29 என்று வந்த கடைசி எல்லைக்குச் சற்றுக் கீழே, 42.20இல் வைப்பது மற்றது. எது நல்லது என்று வெளிநாட்டுப் பாடங்கள் நீண்ட விவாதம் நடத்தும். கொழும்பில் இருப்பவர் வேறொரு கணக்கையும் போட்டாகவேண்டும்.

கோட்டையில் பிடிக்கும் காசு

கோட்டையிலுள்ள கொழும்புப் பங்குச் சந்தையில் சாதாரண அளவில் வாங்கினாலும் விற்றாலும் ஒவ்வொரு தடவையும் 1.12 சதவீதம் போகும். தரகர் கட்டணம், சந்தையின் கட்டணம், சந்தையை மேற்பார்க்கும் ஆணைக்குழுவின் கட்டணம், அரசின் வரி எல்லாம் அதற்குள் அடக்கம். வாங்கி விற்றால் இரண்டு தடவை. விலை கிட்டத்தட்ட இரண்டேகால் சதவீதம் ஏறினால்தான் போட்ட காசே திரும்பி வரும். வெளிநாட்டு வீடியோக்களில் அரை சதவீத அசைவைப் பிடித்து இலாபம் காட்டுகிறவர்களைப் பார்த்துவிட்டு இங்கே அப்படியே செய்ய முடியாததற்கு முதற்காரணம் இது.

ஆயிரம் பங்கு என்று வைத்துப் பார்ப்போம். 44.30க்கு வாங்க 44,300 ரூபா, கட்டணம் 496. முதல் இலக்கான 50.30இல் விற்றால் கட்டணம் 563. விலை வித்தியாசத்தில் கிடைத்தது 6,000. கையில் நிற்பது 4,941.

விலை பிசகி 39.90இல் விற்கவேண்டி வந்தால் நட்டம் 4,400. இரண்டு பக்கக் கட்டணமும் சேர்ந்து 5,343. வென்றால் 4,941, தோற்றால் 5,343. சார்ட்டில் பார்க்கும்போது இலாபப் பக்கம் பெரிதாகத் தெரிந்த வியாபாரம், கட்டணத்தைப் போட்டதும் மறுபக்கம் சாய்ந்துவிட்டது. பத்துத் தடவையில் ஆறு தடவையாவது வென்றால்தான் தப்பலாம்.

42.20இல் வெளியேறினால் நட்டம் 2,100, கட்டணத்தோடு 3,069. இப்போது பத்தில் நான்கு வென்றால் போதும். ஆனால் கிட்ட வைத்த வேலியை மாடு அடிக்கடி முட்டும். விலை 42.20ஐத் தொட்டு உங்களை வெளியே தள்ளிவிட்டு மேலே போகிற நாட்களும் வரும். இரண்டு மரபிலும் ஒவ்வொரு வலி இருக்கிறது. நான் இரண்டாவது வலியைத் தெரிந்தெடுத்திருக்கிறேன், காரணம் பின்னால் வருகிறது.

கிட்டத்தட்ட என்ற ஓட்டை

இந்த முறையில் எனக்குள்ள பெரிய சந்தேகத்தையும் சொல்லவேண்டும். எந்த விலையும் சரியாக 0.618இல் நிற்காது, 0.60, 0.64 என்று கொஞ்சம் விட்டுக்கொடுக்கவேண்டும். எவ்வளவு விடலாம்? இரு பக்கமும் 0.03 என்று வைத்துக்கொள்வோம். இப்போது 0.382, 0.5, 0.618, 0.707, 0.786, 0.886, 1 என்று வழக்கத்தில் உள்ள கோடுகளை எல்லாம் ஒரு தாளில் கீறி, ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் 0.03 அளவுக்கு நிறம் தீட்டுங்கள். 0.382க்கும் 1க்கும் நடுவிலுள்ள இடத்தில் 58 சதவீதம் நிறமாகிவிடும். கண்ணைக் கட்டிக்கொண்டு குண்டூசியால் குத்தினாலும் பாதிக்கு மேற்பட்ட தடவை ஏதோ ஒரு 'மந்திரக் கோட்டில்' விழும்.

அதனால், 'விலை சரியாக 0.707இல் திரும்பியது பாருங்கள்' என்று நடந்து முடிந்த சார்ட்டைக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. திரும்பிய இடம் தெரிந்த பிறகு, அதற்கு ஏற்ற கோட்டைத் தேடிப் பிடிக்கலாம். ஐந்து முனையும் நாலு விகிதமும் ஒரே நேரத்தில் பொருந்தவேண்டும் என்று கேட்பதால் ஹார்மோனிக் முறை தனிக் கோடுகளைவிடக் கொஞ்சம் கண்டிப்பானது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செயலி ஆயிரம் சார்ட்டுகளை அலசிப் பொருந்தியதை மட்டும் காட்டும்போது அந்தக் கண்டிப்பும் கரைந்துவிடுகிறது.

பிறகு ஏன் இதைப் பயன்படுத்துகிறாய் என்று கேட்பீர்கள். எனக்கு இது ஓர் அளவு நாடா. விலை எங்கே திரும்பும் என்று இது சொல்வதை நான் நம்புவதில்லை. எங்கே போனால் நான் பிழை என்று இது முன்பே சொல்லிவிடுகிறது. அதற்காக வைத்திருக்கிறேன். அந்த இரண்டாவது பயனை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன்.

2022 ஜனவரியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்துக்குப் போயிருந்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. மார்ச் கடைசியில் ஒரு பங்கில் மிக அழகான கார்ட்லி கண்டேன். மின்வெட்டு நேரம், மெழுகுதிரி வெளிச்சத்தில் உட்கார்ந்து கொப்பியில் கீறினேன். நாலு விகிதமும் அச்சில் வார்த்தது போலப் பொருந்தின. வாங்கினேன். எக்ஸுக்குக் கீழே விற்பதாக எழுதியும் வைத்தேன்.

ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நாடு நிறுத்திவைத்தது. விலை டியையும் எக்ஸையும் எதுவுமே கீறப்படாத வெறுந்தாளைக் கடப்பது போலக் கடந்து போனது. எழுதிவைத்த விலை வந்தபோது நான் விற்கவில்லை. புத்தாண்டுக்குப் பிறகு ஒரு துள்ளு வரும், அப்போது விற்போம் என்று இருந்தேன். புத்தாண்டுக்குப் பிறகு சந்தையையே ஒரு வாரம் மூடிவிட்டார்கள். 25ஆம் திகதி திறந்தபோது விழுந்த வேகத்தில் வியாபாரத்தை இடையில் நிறுத்தவேண்டி வந்தது. விற்க நினைத்தாலும் வாங்க ஆளில்லை. கொப்பியில் என் கையெழுத்தில் அந்த விலை இன்றைக்கும் இருக்கிறது, பென்சிலால் இரண்டு தடவை அடிக்கோடிட்டபடி. நட்டம் சின்னதாக இருக்கும்போதே வெளியேற்றும் கிட்டிய வேலியை நான் தெரிந்தெடுத்தது அதனால்தான்.

வட்டி அப்படி ஏறும்போது, காசு வங்கி வைப்புக்கும், அரசு கடன் வாங்க விற்கும் திறைசேரி உண்டியலுக்கும் ஓடும். பங்கு விலை 0.786ஐப் பார்த்துக்கொண்டு நிற்காது. பெரிய செய்தி வரவிருக்கும் வாரங்களில் நான் இப்போது கொப்பியையே திறப்பதில்லை.

எங்கள் சந்தைக்கே உரிய சில தொல்லைகளும் உண்டு. இங்கே பல பங்குகள் நாளொன்றுக்கு மிகக் குறைவாகவே கைமாறுகின்றன. ஒருவர் இரண்டாயிரம் பங்கை அவசரமாக விற்றால் சார்ட்டில் ஒரு புதுப் பள்ளம் விழும். அதை எக்ஸ் என்று பெயரிட்டு மேலே கோபுரம் கட்டக்கூடாது. ஒரு ரூபாவுக்கும் குறைந்த பங்குகளில் 30 சதத்திலிருந்து அடுத்த படி 40 சதம் என்றால் அங்கே 0.618க்கு நிற்க இடமே இல்லை. ஒரு கம்பனி தன் பங்குகளைப் பிரித்தால் விலை ஒரே நாளில் பத்தில் ஒன்றாகவோ பாதியாகவோ தெரியும். அதற்கேற்பத் திருத்தாத சார்ட்டைச் செயலிக்குக் கொடுத்தால் அது மகிழ்ச்சியோடு ஒரு நண்டைக் கீறித் தரும். சுட்டெண்ணிலும், தினமும் நன்றாகக் கைமாறும் பெரிய வங்கிப் பங்குகளிலும் பழகுவது நல்லது. நாளாந்தச் சார்ட் போதும். பதினைந்து நிமிடச் சார்ட்டை 1.12 சதவீதம் தின்றுவிடும்.

இன்னொன்று. ஹார்மோனிக் சிக்னல் தருகிறோம், மாதம் இவ்வளவு கட்டுங்கள் என்று வட்ஸ்அப்பில் வரும் குழுக்களின் பெரும்பாலான வியாபாரம் வெளிநாட்டு நாணய ஜோடிகளிலும் கிரிப்டோவிலும்தான். அனுமதி பெறாத இணையத் தளங்களில் நாணய வியாபாரம் செய்வது பற்றி மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது. கார்ட்லி சரியாக வந்தாலும் போட்ட காசு திரும்பி வருமா என்பது அங்கே தனிக் கேள்வி. கொழும்புப் பங்கென்றால் காசும் பங்கும் சட்டத்தின் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

மருமகனுக்கு இதெல்லாம் சொல்லி முடிக்க, தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அவன் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு பென்சிலை எடுத்து, எக்ஸுக்கு வலப்பக்கத்தில் இருந்த இன்னொரு சின்னப் பள்ளத்தில் ஒரு புள்ளி வைத்தான். அங்கே விலை 41.80.

"எக்ஸை இங்கால தள்ளினா டி 45.70க்கு வரும், மாமா. அப்ப திங்கக்கிழமையே வாங்கலாம்."

கணக்கு சரிதான். 60இலிருந்து 18.20இன் 0.786 பகுதியைக் கழித்தால் 45.70. ஆனால் அந்த எக்ஸிலிருந்து பார்த்தால் பியின் பின்வாங்கல் 0.68.

"0.68 கிட்டத்தட்டத்தானே?"

குண்டூசிக் கதையை மறுபடி சொல்லவில்லை. கொப்பியில் திகதி போட்டு, எக்ஸ் 40.00 என்று எழுதி, கீழே 44.30, 42.20, 50.30, 54.00 என்று அவன் கையாலேயே எழுதவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை விலை 45.30 வரை இறங்கிவிட்டு ஏறத் தொடங்கியது. புதன்கிழமை சந்தை மூடியபோது 46.90. மூன்று மணிக்குப் போன் அடித்தது.

"மாமா, ஏறுது. விட்டிட்டம்."

"கொப்பியில என்ன கிடக்கு?"

"44.30."

"வந்ததோ?"

"வரேல்லை."

"அப்ப போனை வை, ராசா. எனக்கு வேலை கிடக்கு."